விரத காலத்தில் புகைந்த ஆடு

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மன்னார்க்காரர் புகையில் இறைச்சி வாட்டும் கடையைத் திறந்த வாரத்தில், அவருக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் இறைச்சி தொடாத தவக்காலத்தில் இருந்தார்கள். மீதியில் பலர் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பில் இருந்தார்கள். இரண்டிலும் சேராத சைவ சமயக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வருவதைப் பற்றி யோசிப்பார்கள். நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாராவது வாடிக்கையாளரைத் தவிர்க்கத் திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு நாளைப் பிடித்திருக்க முடியாது.

கேட்டால், புகைபோக்கி பூட்டுகிறவர் அந்த வாரம்தான் வந்தார் என்பார். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றைக் கடைக்காரர் என்னிடம் முதலில் சொல்லவில்லை. கத்தோலிக்கரான அவரும் விபூதிப் புதன் தொடக்கம் உயிர்த்த ஞாயிறு வரை இறைச்சி வாயில் வைப்பதில்லை என்று நேர்த்தி வைத்திருந்தார். அதாவது கடை திறந்த நாளிலிருந்து தான் சமைத்ததில் ஒரு துணுக்கைக்கூட அவர் ருசி பார்க்கவில்லை.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், ஒரு சிறிய தமிழ் மாத இதழின் கடைசிப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவன் நான். பகலில் கணக்கர். கணக்கில் எனக்கு ஒருவரும் தராத அதிகாரத்தைக் கத்தரிக்காய்க் கறியிடம் காட்டி வருகிறேன். என் அபிப்பிராயத்தால் லண்டனில் இதுவரை ஒரு கடையும் மூடப்பட்டதில்லை. திருந்தியதும் இல்லை. ஆனாலும் கல்யாண வீடுகளில் நான் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதாக எனக்கு ஓர் எண்ணம். என் மனைவி அது அவர்களுடைய முதுகுவலி என்கிறாள்.

அந்த மன்னார்க்காரர் என் இலக்கத்தை எங்கோ பிடித்து ஒரு புதன்கிழமை தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, நீங்கள் ஒருத்தரையும் புகழ மாட்டியளாம். உண்மையோ?”

“அப்பிடிச் சொல்ல ஏலாது. ஒருக்கா ஒரு கடையின்ர கை கழுவுற இடத்தைப் புகழ்ந்து எழுதினனான்.”

“அப்ப நீங்கள்தான் எனக்கு வேணும். நாளையிண்டைக்குப் பின்னேரம் வாங்கோ. உள்ளதை உள்ளபடி சொல்லோணும்.”

நாளையிண்டைக்கு என்றார். நானும் சரி என்றேன். புதனோடு இரண்டைக் கூட்டினால் வெள்ளி வரும் என்பது கணக்கருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ரெய்னர்ஸ் லேனில் மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, நகரத்தின் வயிற்றைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு பார்க்கிங் போய்ச் சேரவேண்டும். லண்டனுக்குள் இருந்தாலும் அது தனக்கென்று ஒரு சந்தையும் ஒரு பழைய தேவாலயமும் வைத்துக்கொண்டு, தான் இன்னும் ஒரு சிற்றூர்தான் என்ற நினைப்பில் இருக்கிற இடம். ரயில் ஊருக்குள் நுழைகிறபோது கைத்தொலைபேசியில் மனைவியின் செய்தி வந்தது: “பலகாரம் மாதிரி ஏதாவது தந்தா வாங்கிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கு வெள்ளி எண்டது ஞாபகம்தானே?”

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, கிடையாது. இது என் பக்தி அல்ல; அவளுடைய ஆட்சி. மணமாகிய நாள் தொடக்கம் ஒரு வெள்ளியும் நான் மீறியதில்லை. மீறுவதற்கு வீட்டில் ஒன்றும் இருந்ததும் இல்லை.

போகாமல் திரும்பிவிடலாமா என்று நிலையத்து வாசலில் நின்று யோசித்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

நான் சாப்பாட்டு வாசனைகளை நம்புகிறவன் அல்ல. தாளித்த கறிவேப்பிலை எந்த மோசமான சாம்பாரையும் காப்பாற்றிக்கொண்டு தெருமுனை வரை வரும். இது அப்படி ஓடி வந்து கையைப் பிடிக்கிற வாசனை அல்ல. முதலில் விறகு. மழை பெய்து ஓய்ந்த தெருவில் விறகுப் புகை தாழ்ந்து கிடந்தது. அதற்குள்ளே எங்கோ மிளகு. அதற்கும் உள்ளே, கொழுப்பு உருகிச் சொட்டுகிற, இனிப்பென்றும் சொல்ல முடியாத ஒன்று. கோழிப் பொரியல் கடைகளையும் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளையும் தாண்டி அதன் பின்னாலே போனேன். வழி கேட்கத் தேவைப்படவில்லை. எனக்கு முன்னால் போன ஓர் ஆங்கிலேயரின் நாய் என்னைவிட வேகமாக அதே திசையில் இழுத்துக்கொண்டிருந்தது.

முன்பு மீனும் சிப்சும் விற்ற கடை. ஆறு மேசைகள். ஒருவரும் இல்லை. சுவரில் மடுமாதாவின் படமும், அதற்குக் கொஞ்சம் தள்ளி, தொப்பி வைத்த ஒரு மாட்டின் படமும். மாடு அலங்காரத்துக்கு மட்டும்தான். சைவக்காரரையும் முஸ்லிம்களையும் மனதில் வைத்து அவர் ஆட்டைத் தவிர வேறெதையும் புகையில் போடுவதில்லை, அதுவும் ஹலால் கடையில் வாங்கிய ஆடு. எல்லோரையும் யோசித்திருந்தார். எல்லோருடைய விரதங்களையும் யோசிக்க மறந்திருந்தார்.

கடைக்காரர் நாற்பத்தைந்து வயதுக்காரர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பல வருடம் பஸ் ஓட்டியவர். டெக்சாஸில் இருக்கிற மச்சானைப் பார்க்கப் போன இடத்தில், ஏதோ ஒரு சின்ன ஊரில், தகரக் கொட்டகைக்குக் கீழே புகையில் வெந்த இறைச்சியைத் தின்றிருக்கிறார். “அண்டைக்கு மாறின மனுசன்தான் அண்ணை” என்றார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டுவிட்டார்.

“வாங்கோ, முதல்ல ஆளைக் காட்டுறன்” என்று பின்கதவால் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆள் என்றது புகைப் பெட்டியை. கறுத்த இரும்பில், ஒரு சின்ன ரயில் எஞ்சின் போலப் படுத்திருந்தது. ஒரு தலைப்பில் அடுப்பு, மறு தலைப்பில் புகைபோக்கி. நடுவில் நெருப்புப் படாமல், வெக்கையும் புகையும் மட்டும் தடவிக்கொண்டு போகிற இடத்தில் ஆட்டின் முன்னங்கால்கள், தோளோடு சேர்த்து, முந்தின நாள் பின்னேரத்திலிருந்து கிடந்தன. அவர் மூடியைத் தூக்கினார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கருகியதோ என்று நினைக்கும் அளவுக்குக் கறுப்பு. ஆனால் கருகவில்லை, அந்தக் கறுப்புக்குள் ஒரு மினுக்கம் இருந்தது. ஏதோ நிலத்துக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழைய சாமான் போல இருந்தது. கோயிலில் திரை விலகும்போது நான் வழக்கமாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவன். இங்கே பார்க்கவில்லை.

அவர் ஒரு காலை விரலால் அழுத்தினார். குனிந்து மூக்கை வைத்தார். ஒரு கம்பியால் குத்தி, இழுத்து, அந்தக் கம்பியைப் பார்த்தார். வாய்க்கு மட்டும் ஒன்றும் போகவில்லை.

“ருசி பார்க்காமல் எப்பிடி?” என்று கேட்டேன். அப்போதுதான் நேர்த்தி விஷயம் வெளியே வந்தது.

“உப்பு?”

“கண் அளவு.”

“சோஸ்?”

“அது... ஒரு நம்பிக்கையில போகுது.”

“ஆரையாவது கேட்டுப் பார்க்கேல்லையோ?”

“அதுக்குத்தானே அண்ணை உங்களைக் கூப்பிட்டது.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். முதியோர் இல்லமொன்றில் காலை ஷிப்ட் முடித்து, நேரே இங்கே வந்து மேசை துடைப்பவர் அவர். கணவனைப் போலக் குரல் இல்லை. தேவையும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“அண்ணை, இவர் உங்களுக்கு முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார். நாளைக்குக் காலமை ஒராள் வந்து உந்தப் பெட்டியைக் கொண்டுபோறார். அந்த இடத்தில கொத்துரொட்டி கொத்துற இரும்புத் தட்டு வைக்கப் போறம். இவரும் ஓமெண்டிட்டார். நீங்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சரியெண்டா மட்டும் பெட்டி நிக்கட்டும் எண்டு கேட்டவர். அதுக்கு நானும் ஓமெண்டனான்.”

“ஏன் தங்கச்சி, என்ன பிழை?”

“போன சனி, ஞாயிறு சனம் வந்தது அண்ணை. நல்லா வந்தது. இவர் கனக்க நேரம் நிண்டு, பெரிய கத்தியால மெல்லிசு மெல்லிசா வெட்டி, பூப்போல அடுக்கி வைச்சார். சனம் ஒரு துண்டைத் தூக்கிப் பார்க்குது. ஓரத்தில சிவப்பு. ‘அக்கா, இது வேகேல்லை, ஒருக்காப் பிரட்டித் தாங்கோ.’ ஒராள் இல்லை, எல்லாரும். நான் கொண்டுபோய் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிரட்டிக் குடுத்தன். அதைச் சாப்பிட்டிட்டு, ‘அக்கா, கொத்து இல்லையோ?’ எண்டு கேட்குதுகள். இவர் பின்னால நிண்டு அழுதவர்.”

“நான் அழேல்லை. புகை.”

“புகை அந்தப் பக்கம் போனது.”

சிவப்பு என்றது பச்சையின் சிவப்பு அல்ல. நீண்ட நேரம் புகையில் கிடக்கிற இறைச்சியில், மேல் தோலுக்குக் கொஞ்சம் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் விழும். நன்றாகப் புகைத்ததற்கு அதுதான் அடையாளம் என்று அந்தக் கலையில் ஊறியவர்கள் மார்தட்டுவார்கள். ஆனால் எங்கள் சனத்துக்கு இறைச்சியில் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். நாங்கள் ஆட்டை ஒருமுறை வேகவைத்து, சந்தேகத்துக்கு இன்னொரு முறை வேகவைத்து, விருந்தாளி வந்தபிறகு மூன்றாம் முறை பிரட்டுகிறவர்கள். அது இனித் துள்ளாது என்று தெரிந்த பிறகுதான் இலையில் வைப்போம்.

கடைக்காரர் விறைத்த முகத்தோடு ஒரு காலை எடுத்து, உள்ளே கொண்டுவந்து பலகையில் வைத்தார். டெக்சாஸிலிருந்து கொண்டுவந்த நீளக் கத்தியை எடுத்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். இதற்குமேல் ஒளிக்க முடியாது.

“அது வந்து... இண்டைக்கு வெள்ளி” என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப இஞ்ச நிக்கிற ஒருத்தருக்கும் சாப்பிட ஏலாது! தவக்காலத்து வெள்ளி, எனக்கும் ஏலாது. இவருக்கு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஏலாது. தீர்ப்புச் சொல்ல வந்தவருக்கும் ஏலாது. ஆட்டுக்குத்தான் இண்டைக்கு நல்ல காலம், ஆனா அது கொஞ்சம் பிந்திப் போச்சு.”

“நாளைக்கு வரட்டே?” என்றேன்.

“நாளைக்குப் பெட்டி இராது அண்ணை” என்றார் கடைக்காரர். அந்தப் பெரிய குரல் இந்த ஒரு வசனத்துக்கு மட்டும் சின்னதாகிவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைச் சமாளிக்க நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: விமர்சகனாக நடந்துகொண்டேன். இறைச்சியைச் சுற்றி வந்தேன். குனிந்து மணந்தேன். மேல்தோல் பற்றி இரண்டு சொல் சொன்னேன். கல்யாணப் பெண்ணைப் படத்தில் பார்த்துவிட்டுக் குணம் சொல்கிற மாமன் போல இருந்தது எனக்கே.

“மணத்தை வைச்சுச் சொன்னால்...” என்று தொடங்கினேன்.

“மணத்தை வைச்சு நானே சொல்லுவன்” என்றார் அவருடைய மனைவி. “சனம் மணந்திட்டுப் போகேல்லை அண்ணை. தட்டில பார்த்திட்டுத்தான் திருப்பி அனுப்பினது.”

சூரியன் மறைய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது கதவு திறந்தது. கடைக்காரரோடு ஒரே பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தன் இரண்டு மருமகன்மாரோடு வந்தார். அவரும் மன்னார்ப் பக்கத்தவர், ஆனால் முஸ்லிம். வெள்ளைத் தாடி, பஸ் சாரதிக்கேயுரிய அவசரமின்மை. நோன்பு திறக்க இங்கே வருவதாக முதலே சொல்லியிருந்தாராம்.

“வாங்கோ நானா” என்று, முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் அழைக்கிற முறையில், கடைக்காரர் முகம் மலர்ந்தார்.

அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: “இவையின்ர தீர்ப்பையும் எடுக்க ஏலாது. விடியத் தொடக்கம் பட்டினி. இந்த நேரம் மேசைக்காலைக் கடிக்கக் குடுத்தாலும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவினம்.”

நான் உடன்பட்டேன். மத்தியானம் வீட்டில் நான்கு தோசை சாப்பிட்டு, வயிறு நிறைந்து, அந்தக் கடையில் நிதானமாக நின்ற ஒரே மனிதன் நான்தான். நீதிபதிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் இருந்தது, வாயைத் தவிர.

கடைக்காரர் கத்தியை எடுத்ததும் நானா கையைத் தூக்கினார்.

“வெட்டாத தம்பி. பெரிய தட்டு இல்லையா உன்னட்ட? முழுசாத் தூக்கி வை. சஹன்ல வைச்சுச் சாப்பிடுவம்.”

சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. அவர்களுடைய கல்யாணத்திலும் கந்தூரி விருந்திலும் அதில் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். கடையில் சஹன் இல்லை. பிட்சாவுக்கென்று வாங்கிய ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. அதில் சோற்றைப் பரப்பி, நடுவில் முன்னங்காலை முழுதாக வைத்தார்கள். கடைக்காரருடைய முகம் தொங்கிப்போனது. வெட்டுவதுதான் அவருடைய அரங்கேற்றம்.

நானா என்னைப் பார்த்தார். “நீங்க ஏன் நிக்கிறீங்க? நாங்க மூணு பேர்தான். தட்டில ஒரு பக்கம் சும்மா கிடக்கு. வாங்க, இருங்க.”

இப்படி அழைத்த ஒருவரிடம் வெள்ளிக்கிழமையை விளக்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவரிடம் போய், எனக்கு இன்று ஆடு மட்டும் ஆகாது என்று சொல்லவும் நா வரவில்லை. பின்முற்றத்துக்குப் போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்ன, அங்கயிருந்து எடுக்கிறியள்? ஏதோ செய்யப் போறியள்.”

முழுக்கச் சொன்னேன். பெட்டி, தட்டு, நேர்த்தி, சிவப்பு வளையம், சஹன். மறுமுனையில் குக்கர் விசிலடித்தது.

“நான் ஓமெண்டால் பாவம் எனக்கு. வேண்டாமெண்டால் அந்த மனுசன்ர பெட்டி போகும். நல்ல மனுசன் நீங்கள், இதை என்ர தலையில போட. உங்கட அபிப்பிராயத்தை ஆர் இப்பிடி நம்பினது?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை.”

“அவவிட்டைக் குடுங்கோ போனை.”

உள்ளே போய்க் கடைக்காரரின் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. “ஓம் அக்கா... இல்லை அக்கா, பஸ்ஸை விட்டிட்டார்... ஓம், புகையெண்டுதான் சொல்லுறார்... உங்கட ஆளும் அப்பிடியோ?” பிறகு நீண்ட சிரிப்பு. எதற்கென்று இன்றுவரை என்னிடம் இருவரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வந்து அறிவித்தார்:

“அக்கா சொன்னவா, நீங்கள் சாப்பிடலாமாம். ஆனா நாளையில இருந்து, இவர் நேர்த்தி முடிக்கும் வரைக்கும் நீங்களும் மச்சம் தொடக்கூடாதாம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு சகோதர பாசம் தெரிந்தது.

கைகழுவிக்கொண்டு நாலாவது பக்கத்தில் உட்கார்ந்தேன். நானாவின் கைத்தொலைபேசியில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், முணுமுணுத்த ஒரு சிறிய பிரார்த்தனை. அவர்கள் எழுந்து ஓரமாக நின்று தொழுதுவிட்டு வந்தார்கள். அவ்வளவு நேரமும் இறைச்சி தட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னே தனியாக, கையைக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் என்றுமில்லாத ஒழுக்கத்தோடு இருந்தேன்.

பிறகு நானா எலும்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். எலும்பு வந்துவிட்டது. உறையிலிருந்து கத்தி வருவது போல, ஒன்றும் ஒட்டாமல் வெள்ளையாக வந்தது. மருமகன்மாரில் ஒருவர் “யா அல்லா” என்றார், ஏறக்குறைய எனக்கே கேட்காதபடி.

என் பக்கத்தில் கிடந்ததை மூன்று விரலால் கிள்ளினேன். கிள்ளத் தேவையில்லை, அது வரவேண்டுமென்று காத்திருந்தது போல வந்தது. கறுத்த தோல் முதலில் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்தது. மிளகு, வறுத்துக் குத்திய மல்லி, எங்கோ தூரத்தில் பெருஞ்சீரகம். அதற்குப் பிறகு இறைச்சி. அதை மென்றேனா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. கொழுப்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று நாக்குக்குத் தெரியவில்லை. புகை அதற்குள் இல்லை என்று நினைத்தேன். விழுங்கிய பிறகுதான் அது வந்தது, மூக்கின் பின்பக்கத்தால், ஒருவர் போன பிறகு அறையில் நிற்கிற வாசனை போல.

வழக்கமாகச் சாப்பிடும்போது என் தலைக்குள் ஒருவன் உட்கார்ந்து வசனம் எழுதிக்கொண்டிருப்பான். குழம்பு தொண்டைக்குப் போகுமுன் அதற்கு ஒரு குத்தல் தயாராக இருக்கும். அன்று மூன்றாவது கவளத்தில்தான் கவனித்தேன், அவன் ஒன்றும் எழுதவில்லை. அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இதைச் செய்தவர் இதை ருசி பார்க்கவில்லை என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஒரு மனிதன் இரவும் பகலும் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று, இப்படி ஒன்றை ஆக்கி, அது எப்படியிருக்கிறது என்று தெரியாமலே வெளியே கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது திரும்பி வருகிறது. அவர் அடுத்த காலைப் பெட்டியில் வைக்கிறார். நான் ஒரு பத்தி எழுதிவிட்டு அதை ஏழு பேருக்கு அனுப்பி, நல்லாயிருக்கா என்று கேட்கிறவன்.

நிமிர்ந்து பார்த்தேன். கடைக்காரர் மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றார். தட்டைப் பார்க்கவில்லை. எங்கள் நான்கு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, சொல்லுங்கோ.”

சிறு கிண்ணத்திலிருந்த கபில நிறச் சோஸில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். புளி, சீனி, அதற்கு மேலே ஒரு பிடிவாதம்.

“இந்தச் சோஸைக் கொட்டுங்கோ” என்றேன். “இது இருமல் மருந்து.”

“அதை விடுங்கோ. இறைச்சி?”

“இறைச்சியைப் பற்றிச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.”

“எண்டால்?”

“புகழ்ந்து பழக்கமில்லை தம்பி. சொல்லு வருகுதில்லை.”

அவருக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் திரும்பிச் சுவரில் இருந்த மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது உள்ளே புகையே இல்லை.

ஆனால் தீர்ப்பைக் கேட்க வேண்டியவர் என்னைக் கவனிக்கவே இல்லை. அவருடைய மனைவி தட்டுக்கு மேலே குனிந்து, நாங்கள் பிய்த்த இடங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையம் அங்கேயும் இருந்தது. பிய்ந்து, சோற்றோடும் கறுத்த தோலோடும் கலந்து, யாருடைய கண்ணையும் குத்தாமல் இருந்தது.

“நானா, ஒண்டு கேட்கிறன். பசியெண்டு பார்க்காமல் சொல்லுங்கோ. வெந்திருக்கோ?”

நானா வாயிலிருந்ததை முடித்துவிட்டுச் சொன்னார்: “என்ன பிள்ளை கேள்வி இது? வேகாத இறைச்சி இப்பிடிக் கையோட வருமா?”

அவர் நிமிர்ந்தார். கணவனிடம் திரும்பினார்.

“பெட்டியில பிழையில்லை. உங்கட கத்தியிலதான்.”

“கத்தியில என்ன? டெக்சாஸில வெட்டித்தான் குடுக்கிறவை!”

“டெக்சாஸில குடுக்கட்டும். நீங்கள் வெட்டி அடுக்கினா சனத்துக்கு முதல்ல தெரியிறது சிவப்பு. கண்ணால பார்த்து வேகேல்லை எண்டு முடிவெடுத்திட்டுத்தான் வாயில வைக்குது. இஞ்ச பாருங்கோ, நாலு கை போயிருக்கு. ஆராவது சிவப்பெண்டு வாய் திறந்தவையோ? எங்கட சனம் வெந்ததோ எண்டு கையாலதான் பார்க்கும்.”

“அப்ப நான் வெட்டக் கூடாதெண்டுறீரோ?”

“வெட்டாதேங்கோ. முழுசா வையுங்கோ. தட்டைச் சுத்தி இருக்கட்டும். பிய்க்கட்டும்.” கொஞ்சம் யோசித்தார். “சோஸையும் விடுங்கோ. இனி அது நான். பச்சை மிளகாய்ச் சம்பல் அரைக்கிறன். எனக்கு வெள்ளியிலதான் ஏலாது, மற்ற நாளில ருசி பார்க்கலாம்.”

அந்தப் பெண் பலகையிலிருந்த நீளக் கத்தியை எடுத்து, துடைத்து, மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்க்க வாய் திறந்தவர், தட்டைப் பார்த்தார். அதில் எலும்பு மட்டும் கிடந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மருமகன்மார் பேசவில்லை, சாப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி வாங்க வருகிறவர் தொலைபேசி எடுத்தார். நாளை எத்தனை மணிக்கு வேனைக் கொண்டுவரலாம் என்று கேட்டார் போலும்.

“இல்லை அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் குடுக்கேல்லை” என்றார் கடைக்காரரின் மனைவி. மறுமுனை ஏதோ நீளமாகப் பேசியது. “ஓம், நேற்று அப்பிடித்தான் சொன்னனான். இண்டைக்கு வேற. வைக்கட்டே?”

நானா வீட்டுக்குக் கொண்டுபோக இன்னொரு காலைக் கட்டித் தரச் சொன்னார். வெட்டாமல், என்று அழுத்திச் சொன்னார். நான் கையைக் கழுவினேன். கழுவிய பிறகும் விரல்களில் புகை இருந்தது. நாளை முதல் உயிர்த்த ஞாயிறு வரை எனக்கு இது மட்டும்தான் என்ற நினைப்பில் இரண்டு தடவை மணந்து பார்த்ததை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

“அப்ப நாளைக்கு எத்தனை கால் வைக்க?” என்று முற்றத்திலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. திரும்பவும் முழு அளவுக்கு வந்திருந்தது.

“சனிக்கிழமை, சைவச் சனம் வரும். பத்து வையுங்கோ” என்றார் அவருடைய மனைவி. பிறகு, “மிஞ்சினா நீங்கள்தான் பதில் சொல்லோணும்!”

திறந்திருந்த பின்கதவால் அவர் விறகு அடுக்குகிற சத்தம்தான் வந்தது.